ரேஸ் கோர்ஸ் முதல் ரம்மி வரை: மலையில் ஆட்ட விதியை எழுதியவர்கள்

ஊட்டி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது ரேஸ் கோர்ஸ். ஒரு சின்ன வீடு கட்டுவதென்றாலும் மண்ணை வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி, அதன் பிறகுதான் அஸ்திவாரம் என்று இருக்கும் ஊர் இது. அந்த ஊரின் நடுவில் சுமார் 52 ஏக்கர் நிலம் ஒரே மட்டமாகக் கிடக்கிறது. மழை வலுத்தால் கோடப்பமந்து கால்வாய் பொங்கி அங்கேதான் வந்து நிற்கும். மற்ற நாட்களில் பச்சைப் புல், சுற்றிலும் வெள்ளைக் கம்பி வேலி. நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிரை பார்த்ததுண்டு. உள்ளே போய் ஒரு பந்து அடித்ததில்லை. எங்கள் தெருவில் யாருமே அடித்ததில்லை.

2024 ஜூலையில் வருவாய்த்துறை அந்த நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. நிலம் அரசுடையது. 1978-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 2001 முதல் குத்தகைத் தொகை கட்டப்படவில்லை, நிலுவை 822 கோடி ரூபாய் என்பது அரசின் கணக்கு. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் இடம் தோட்டக்கலைத்துறையின் கைக்குப் போனது. சூழல் பூங்கா அமைப்பதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் சென்னை கிண்டியில் உள்ள 160 ஏக்கர் ரேஸ் கோர்ஸின் குத்தகையையும் அரசு ரத்து செய்தது.

வாடகை பாக்கிக்காக ஒரு குத்தகைதாரரை வெளியேற்றிய கதையாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். இன்று தமிழ்நாட்டில் ஒரு தேயிலைத் தொழிலாளியின் கைப்பேசியில் ரம்மி ஓடலாமா கூடாதா என்ற வழக்கின் வேர் இந்தப் புல்தரையில் இருக்கிறது. எது விளையாட்டு, எது சூது, எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், யாருக்காகத் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இந்த மலைக்கு நூற்றைம்பது வருடப் பழசு.

பந்தயக் குதிரைக்கு முன்பே வேட்டை வந்துவிட்டது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே வீடு கட்டி, ஏரி வெட்டி, ஊரை உருவாக்கினார். பின்னால் மெட்ராஸ் மாகாணத்தின் கோடைகாலத் தலைநகரமாக ஊட்டி ஆனது. கவர்னர் வந்தால் அவர் பின்னால் அலுவலகம் வரும், அலுவலகத்தின் பின்னால் ராணுவ அதிகாரிகள் வருவார்கள், அவர்களுக்குப் பொழுது போக வேண்டும். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் குதிரையேறி, வேட்டைநாய்களை ஏவி, நரி துரத்தினார்கள். இப்போது சினிமா படப்பிடிப்பு நடக்கும் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் பக்கமெல்லாம் அந்த வேட்டைக்களம்தான். ஒரு கவர்னரின் பெயரால் அதற்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். அந்த இடத்தைத் தோடர்கள் தங்கள் மொழியில் ஆயிரம் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். வரைபடத்தில் ஏறியது வென்லாக் துரையின் பெயர்.

1879-ல் நீலகிரிக்கென்றே ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் எதைச் சுடலாம், யார் உரிமம் வாங்க வேண்டும் என்றெல்லாம் அதன் கீழ் விதிகள் எழுதப்பட்டன. கண்டபடி சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் அது வரையாடு போன்ற விலங்குகள் பிழைக்க உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே சட்டம் ஒரே செயலை இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கியும் உரிமமும் வாங்க வசதி உள்ளவர் காட்டுக்குள் போனால் அது ஸ்போர்ட். கண்ணி வைத்துக் குடும்பத்துக்குக் கறி கொண்டுபோன பழங்குடிக் குறும்பர் திருட்டு வேட்டைக்காரர். கொல்லப்பட்ட விலங்கு ஒன்றுதான், காடும் ஒன்றுதான். விதியை எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும்தான் வேறு.

அதே காலத்தில் இன்னொரு விதியும் ஊட்டியில் எழுதப்பட்டது. ஸ்னூக்கர் ஆட்டத்தை 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி உருவாக்கினார். பிறகு அவர் ஊட்டிக்கு மாற்றலாகி வந்தபோது, 1882 வாக்கில், அதன் விதிகளை ஒழுங்குபடுத்தி ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒரு ஆட்டத்தின் சட்டதிட்டம் நம்ம ஊர்ச் சுவரில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்க உள்ளூர்க்காரர் எவருக்கும் அப்போது வழியில்லை, தட்டு ஏந்திப் போனவர்களைத் தவிர.

இந்த மலையில் விளையாட்டே இல்லாமல் இருந்து, வெள்ளைக்காரர் வந்துதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். முத்தநாடு மந்து என்ற தோடர் ஊரில், அவர்களின் மொற்பர்த் விழாவில் இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்கு மேல் தூக்குவதை இன்றும் பார்க்கலாம். யார் தூக்கலாம், எப்படித் தூக்க வேண்டும், தூக்கினால் ஊரில் என்ன மதிப்பு என்பதெல்லாம் அந்த மக்களே வைத்துக்கொண்ட முறை. அதற்கு நுழைவுச்சீட்டு இல்லை, பந்தயப் பணம் இல்லை, உரிமம் இல்லை.

ரேஸ் கோர்ஸ் 1880-களில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் போனாலும் பந்தயம் போகவில்லை. ஏப்ரல் 14 வாக்கில் சீசன் பந்தயம் தொடங்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குதிரைகள் லாரியில் மலையேறி வரும். சுற்றுலா வந்தவர்களும் மார்க்கெட் சுமைகூலிகளும் ஒரே ஜன்னல் முன் நின்று பணம் கட்டுவார்கள். பந்தயத்துக்குப் பாதி ஊர் போகும் என்று சொல்லும்போது என் பெரியப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சமும், கூலியை அங்கேயே விட்டுவிட்டு வந்த நாட்களைச் சொல்லும்போது ஒரு இருட்டும் வரும். இரண்டும் உண்மை.

தமிழக அரசியலுக்கு அந்த இருட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. கருணாநிதி ஆட்சியில் 1974-ல் குதிரைப் பந்தயத்தையும் அதன் மீது பணம் கட்டுவதையும் ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. கிளப் நீதிமன்றம் போனது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-ல் வேறொரு வழி: மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம். இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றன. 1996 ஜனவரியில் தீர்ப்பு. கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கை இன்றைக்கும் ஆன்லைன் விளையாட்டு நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

தீர்ப்பின் சாரம் இது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை, ஓடுதளத்தின் ஈரம் எல்லாவற்றையும் ஆராய்ந்துதான் ஒருவர் பணம் கட்டுகிறார். ஆகவே குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது. சூதாட்டச் சட்டம் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்குத்தான் பொருந்தும், திறமை ஆட்டங்களுக்குப் பொருந்தாது. அதோடு, 1974-ல் ஒழிக்க வேண்டிய தீமை என்று அரசு சொன்ன பந்தயத்தை, 1986-ல் அரசே எடுத்து நடத்த முன்வந்தது நீதிமன்றத்தின் கண்ணை உறுத்தியது. கையகப்படுத்தும் சட்டம் ரத்தானது.

திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்த உரைகல் 1996-ல் முளைத்ததல்ல. 1968-ல் செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தின் மீதான வழக்கில், ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்று கணக்குப் போட வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்கில் ரம்மி என்றால் ஒரு மேசை, சில நாற்காலிகள், முகம் தெரிந்த ஆட்கள். அந்த மேசை அரை நூற்றாண்டு கழித்து ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வந்து உட்காரும் என்று நீதிபதிகள் எப்படி நினைத்திருக்க முடியும்?

அது வந்து உட்கார்ந்த விதத்தை இந்த மலையில் நாங்கள் கண்ணால் பார்த்தோம். 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டன. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் அதுவரை ஒரு பட்டன் போன் இருந்தால் பெரிய விஷயம். ஆன்லைன் வகுப்பு என்றதும் கடன் வாங்கி, சீட்டுப் பணத்தை எடுத்து, ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பகலில் பாடம், மாலையில் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம், இரவில் அதே போனில் அப்பாவோ அண்ணனோ ரம்மி. ஒரே கருவி, மூன்று வேலை.

பிள்ளைகளின் பப்ஜிக்குத்தான் முதலில் தடை வந்தது. அதற்கும் பிள்ளைகளின் நலனுக்கும் தொடர்பில்லை. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் மோதல் நடந்து 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஜூன் இறுதியில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள், செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடைசெய்யப்பட்டன. காரணம் நாட்டின் பாதுகாப்பு, பயனர் தரவு. பப்ஜி தென்கொரியத் தயாரிப்பு; கைப்பேசி வடிவத்தை வெளியிட்டதில் சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் குன்னூர்ப் பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத தெரு குறைவு. அந்தத் தெருக்களில் பையன்கள் மனம் ஒப்பித்தான் ஆட்டத்தை அழித்தார்கள். எல்லையில் ரத்தம் சிந்தியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் இன்னொன்றும் நடந்தது. சீன நிறுவனமான விவோ ஐ.பி.எல். கிரிக்கெட்டின் பெயர் விளம்பரத்திலிருந்து விலக, அந்த இடத்தை 222 கோடி ரூபாய்க்கு ட்ரீம் லெவன் எடுத்தது. பணம் கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆடும் செயலி அது. அந்த நிறுவனத்தின் முதலீட்டாளர்களில் ஒருவர் டென்சென்ட். குழந்தை சுடும் பொம்மைத் துப்பாக்கி நாட்டுக்கு ஆபத்து என்று முடிவானது, பெரியவர் பணம் கட்டும் ஆட்டம் தேசத்தின் கிரிக்கெட் நெற்றியில் ஏறியது. இதில் சதி எதையும் நான் தேடவில்லை. தடை என்பது ஆட்டத்தின் குணத்தைப் பார்த்து வருவதில்லை, அந்த நேரத்து அரசியல் தேவையைப் பார்த்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பப்ஜியும் முழுதாகப் போய்விடவில்லை. 2021 ஜூலையில் பப்ஜியின் உரிமையாளரான கிராஃப்டன் நிறுவனம் பி.ஜி.எம்.ஐ. என்ற இந்தியப் பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் சிறுவர்களுக்கு ஒரு நாளில் 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு திரும்பி வந்தது.

ரம்மி விவகாரம் தமிழ்நாட்டில் தனிப் பாதையில் போனது. எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 தொடக்கத்தில் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டத்தையும் அதிர்ஷ்ட ஆட்டத்தையும் ஒரே கூடையில் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்பதுதான் முக்கியக் குறை. ஸ்டாலின் ஆட்சியில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி, இப்படிச் சட்டம் இயற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. மீண்டும் அதே உரைகல்.

என் சித்தி மகன் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பச்சைத் தேயிலை வரத்து குறைந்த ஒரு வருடத்தில், ஷிஃப்ட் முடிந்து வந்து இரவெல்லாம் ஆடி, கடன் செயலிகளில் வாங்கி வாங்கி, கடைசியில் சித்தியின் தாலிக்கொடி வரை அடகுக் கடைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் கோபத்தோடு போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அண்ணா, இது சூது இல்லண்ணா. திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. வெளம்பரத்துலகூடப் போட்டிருக்கான்." அவன் பொய் சொல்லவில்லை. ரேஸ் கிளப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கிய வாக்கியம், லைன் வீட்டில் நடுராத்திரி ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளப் பயன்பட்டிருந்தது.

அதன் பிறகு ஒருநாள், ரேஸ் கோர்ஸ் லாயத்தில் முப்பது வருடம் குதிரை பார்த்த ஒரு பெரியவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "குதிரைக்கு மூச்சு வாங்கும் தம்பி. ஒரு தடவ ஓடுனா நாலு நாளு கட்டித்தான் வைக்கணும். அஞ்சு மணிக்கு மேல எவனும் பந்தயம் கட்ட முடியாது, ஏன்னா ஓட ஒண்ணும் இருக்காது" என்றார். சட்டப் புத்தகங்களில் நான் தேடிக் கிடைக்காத விளக்கம் அதில் இருந்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி ஆட்டத்தைப் பார்க்கிறது, ஆடுகிறவனைப் பார்ப்பதில்லை. பந்தய மைதானத்தில் அழிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே சீசன் முடியும், பொழுது சாயும், மழை வந்தால் பந்தயம் நிற்கும். சீட்டு மேசையில் எதிராளிக்குத் தூக்கம் வரும். செயலிக்கு மூச்சு வாங்காது. நீங்கள் எழுந்து போகும் நேரத்தில் போனஸ் என்று ஒரு செய்தி வரும். சீட்டைக் கலைப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. விதி இப்போது சுவரில்கூட மாட்டப்படவில்லை, ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கிறது. அடுத்த புதுப்பிப்பில் அது மாறலாம், மாறியது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம்.

அதனால்தான், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகளை நான் தடைச் சட்டங்களைவிட முக்கியமாக நினைக்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நுழைய முடியாது, 18 வயதுக்குக் கீழ் கூடாது, ஆதார் வழி அடையாளம் காட்ட வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்தன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அந்த ஐந்து மணி நேரம் என்பது குதிரைக்கு இயற்கையாகவே இருந்த ஓய்வைச் செயலிக்குச் சட்டத்தால் உண்டாக்கியது. தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டை நிறுத்திப் பார்த்தது, பத்து வருடம் கழித்துக் கைவிட்டது. சீனா 2021-ல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களின் இரவுகளில் ஒரு மணி நேரம் மட்டும் என்று இறுக்கியது. பெல்ஜியம் 2018-ல், பணம் கொடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் திறக்கும் பரிசுப் பெட்டிகளையே சூது என்றது. பிள்ளைகள் துப்பாக்கி ஆட்டங்களில் 'ஸ்கின்' என்ற அலங்காரம் வாங்க அப்பாவின் யு.பி.ஐ. எண்ணைத் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு பெல்ஜியம் ஏன் அப்படி முடிவெடுத்தது என்று விளங்கும்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாக இருந்தாலும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. போட்டியாக நடத்தும் கணினி ஆட்டமான இ-ஸ்போர்ட்ஸுக்கு ஊக்கம். ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்பது அரசு சொன்ன மதிப்பீடு. ட்ரீம் லெவன் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து இறங்கியது. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே காரியத்தைச் செய்ய ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ஆளுநர் சொன்னதும், 2023 அக்டோபர் முதல் இதே ஆட்டங்களின் மீது மத்திய, மாநில அரசுகள் 28 சதவீத ஜி.எஸ்.டி. வசூலித்ததும் மனதில் ஓடின. அரசியல் சட்டத்தில் சூதாட்டமும் பந்தயமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மத்தியச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருப்பதில் இந்த அதிகாரப் பங்கீடும் ஒரு கேள்வி.

அந்தப் பங்கீடு எப்படி இருக்கும் என்று பார்க்க டெல்லி போக வேண்டாம், கூடலூர் போதும். நாடுகாணியிலிருந்து மலைப்பாதையில் இறங்கினால் வழிக்கடவு. அது கேரளம். அங்கே லாட்டரி அரசின் தொழில், 1967 முதல் நடக்கிறது, சாலையோரத்தில் மேசை போட்டு விற்பார்கள். அதே சீட்டைச் சட்டைப் பையில் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து விற்றால் இந்தப் பக்கம் போலீஸ் பிடிக்கும். தமிழ்நாட்டில் ஜெயலலிதா ஆட்சியில் 2003 ஜனவரியில் லாட்டரி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கேரளத்தில் லாட்டரிக் காசு அரசுக்குப் போகிறது, இங்கே மதுக் காசு போகிறது. எந்தப் பழக்கம் குடும்பத்தைக் கெடுக்கும் என்ற கணக்கோடு, எந்தப் பழக்கம் கஜானாவை நிரப்பும் என்ற கணக்கும் எல்லா ஆட்சிகளிலும் சேர்ந்தேதான் ஓடியிருக்கிறது. கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, எடப்பாடி, ஸ்டாலின் என்று வரிசையாக இத்தனை முதலமைச்சர்கள் ஏதோ ஒரு ஆட்டத்தில் கை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கூலி வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்கும் பெண்களின் வாக்கு இந்த மாநிலத்தில் ஆட்சியை மாற்றக்கூடியது. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். லாட்டரி போனது, மூணு நம்பர் என்ற கள்ள லாட்டரி வந்தது. மூணு நம்பரைப் பிடிக்கும்போது ரம்மி வந்தது. ரம்மி போனால் என்ன வரும் என்று சித்தி என்னிடம் கேட்கிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரு பதில், ஆட இடம் கொடுப்பது. தடைச் சட்டங்களின் விவாதத்தில் இது யார் வாயிலும் வருவதில்லை. மலையில் சமதளம் என்பது பெரிய சொத்து. அது கிடைத்த இடங்களில் ரேஸ் கோர்ஸ், கோல்ஃப் மைதானம், ராணுவ மைதானம், பெரிய தனியார் பள்ளிகளின் புல்தரை என்று பெரும்பகுதி வேலிக்குள் போய்விட்டது. ஊட்டியில் எச்.ஏ.டி.பி. மைதானம் இருக்கிறது, கோத்தகிரியில் காந்தி மைதானம் இருக்கிறது, அவையெல்லாம் நாள் முழுக்க நிரம்பி வழிகின்றன. மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் பிள்ளை அங்கே வந்து ஆடிவிட்டுத் திரும்ப பஸ் கிடையாது. மாலை ஐந்தரைக்கு மேல் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும், தாய் வெளியே விடமாட்டாள். அந்தப் பிள்ளைக்குப் போனை எடுக்காதே என்று சொல்வதற்கு முன், வேறு எதை எடுக்கச் சொல்கிறோம்?

ரேஸ் கோர்ஸ் நிலம் கைக்கு வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் நீர் தேங்கும் சதுப்பு, அங்கே கட்டடம் வேண்டாம், நீருக்கு இடம் விடுங்கள் என்று சூழல் ஆர்வலர்கள் சொல்வது சரியான பேச்சு. பூங்கா வரட்டும். ஆனால் சுற்றுலாப் பயணி டிக்கெட் எடுத்துப் போட்டோ பிடிக்கும் இன்னொரு பூங்கா இந்த ஊருக்கு எதற்கு? ஒரு ஓரத்தில், கொஞ்சம் ஈரமானாலும் பரவாயில்லை, கட்டணம் இல்லாமல், காந்தல் பையன்களும் லைன் வீட்டுப் பிள்ளைகளும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளும், ஒரு பந்தை உதைக்க நாலு ஏக்கரை ஒதுக்கினால் போதும். கம்பிக்கு வெளியே நின்ற மூன்று தலைமுறைக்கு அது போய்ச் சேரும்.

சென்ற மாதம் கோத்தகிரி அருகே ஹட்டி எனப்படும் ஒரு படுகர் ஊரில் சரிவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் தேயிலை, நடுவில் பத்தடி அகலத்தில் பாதை. ஒரு சிறுவன் தூக்கி அடித்தான். பந்து பறந்து தோட்டத்துக்குள் விழுந்தது. நான் சிக்ஸர் என்று கை தட்டினேன். பேட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு அவன் பந்தைத் தேட இறங்கினான். "தேயிலைக்குள்ள போனா அவுட்டுண்ணா. பந்து ஒண்ணுதான் இருக்கு" என்றான். யார் வைத்த விதி என்று கேட்டேன். "நாங்கதான்" என்று சொல்லிவிட்டுச் செடிகளை விலக்கிக்கொண்டு கீழே போனான்.